கப்பலுக்குப் போனவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

போர்க்காலத்தில் கடற்படையிலும் சரக்குக் கப்பல்களிலும் பணியாற்றிய உறவினர்களின் புகைப்படங்களைப் பற்றியும், அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களைப் பற்றியும் எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ராயபுரத்திலிருந்து பல்லாவரம் வரை நகரின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும், இவற்றை நம்மோடு வைத்துக்கொள்வதா, பிறருக்குக் காட்டுவதா என்ற தயக்கம் ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டத்தான் வேண்டும், ஆனால் படத்தில் இருப்பவர் யார், அதை நமக்குச் சொன்னவர் யார் என்று எழுதிவைக்காமல் ஒரு படமும் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது.

*

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது என் தாத்தா கடற்படையில் இருந்தார். சீருடையில் அவர் நிற்கும் ஒரே ஒரு படம் எங்களிடம் இருக்கிறது. தொப்பி நாடாவில் கப்பலின் பெயர் இருக்கும் என்றார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்ற எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டதும் ஆளுக்கு ஒரு கப்பலின் பெயரைச் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
— வாசகி, ராயபுரம்

பதில்: இப்போதைக்கு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். நாடாவில் கப்பலின் பெயர் இல்லாதது உங்கள் படத்தின் குறையும் அல்ல. அமைதிக் காலத்தில் மாலுமியின் தொப்பி நாடாவில் அவருடைய கப்பலின் பெயர் முழுதாக இருக்கும். போர் வந்ததும், துறைமுகத்துத் தெருக்களில் நடக்கும் மாலுமிகளின் தொப்பிகளைப் பார்த்தே எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரியின் ஒற்றர்கள் தெரிந்துகொள்ளலாம் என்பதால், பெயரை நீக்கிவிட்டு முன்னெழுத்துகளை மட்டும் விட்டார்கள். ‘மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல்’ என்பதன் சுருக்கம்தான் நீங்கள் பார்த்த எழுத்துகள். ஆகவே பெயர் இல்லாத அந்த நாடாவே, உங்கள் தாத்தாவின் படம் போர் ஆண்டுகளில் எடுக்கப்பட்டது என்பதற்கு நல்ல சான்று. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு எடுத்த படமாக இருந்தால் ‘ஐ.என்.எஸ்.’ என்று இருந்திருக்கும். சின்னங்களிலும் மன்னரின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்திருக்கும்.

இனி அவருடைய கைகளைப் பாருங்கள். இடக்கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் அவர் சாதாரண மாலுமிக்கு மேற்பட்ட ‘லீடிங்’ நிலையில் இருந்தவர். இரண்டு நங்கூரங்கள் குறுக்காக, மேலே கிரீடத்தோடு இருந்தால் அதற்கும் அடுத்த மேல்நிலையான ‘பெட்டி ஆபீசர்’. வலக்கையில் இருப்பது தொழில் அடையாளம். குறுக்காக வைத்த கொடிகள் இருந்தால் கொடிகளாலும் விளக்குகளாலும் செய்தி அனுப்பியவர். இறக்கைகளுக்கு நடுவே மின்னல் இருந்தால் தந்திப் பிரிவு. பீரங்கி இருந்தால் பீரங்கிப் பிரிவு. கையில் ஒன்றுமே இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்த காலத்தில் வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்துக்கொண்ட படமாக இருக்கலாம். பயிற்சி முடிந்ததும் ஸ்டூடியோவுக்குப் போய், திரைச்சீலைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பாத பிள்ளை அந்த நாளில் அநேகமாக இல்லை. சட்டத்திலிருந்து சேதமில்லாமல் எடுக்க முடியுமானால் படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். தபால் அட்டை போலக் கோடு போட்டிருக்கலாம், ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம். அந்த ஊர், பயிற்சித் தளம் எது என்பதற்கு ஒரு குறிப்பாகும்.

உங்கள் குழுவில் யாராவது ஒருவர் ‘பெங்கால்’ என்று சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். 1942 நவம்பர் 11 அன்று ‘பெங்கால்’ என்ற, கடலில் எதிரி இட்ட வெடிகளை அகற்றும் சிறு கண்ணிவாரிக் கப்பலும் அது காவலாகச் சென்ற ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலும், தங்களைவிடப் பலமடங்கு வலிமையுள்ள இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்றன. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது. அந்தப் புகழால், எந்தக் கப்பல் என்று தெரியாத தாத்தாக்கள் எல்லாரும் காலப்போக்கில் ‘பெங்கால்’ கப்பலில் ஏற்றப்பட்டுவிடுகிறார்கள். 1943 ஜூலையில் சிசிலித் தீவுப் படையெடுப்பில் பங்கேற்ற ‘சட்லெஜ்’, ‘ஜம்னா’ கப்பல்களுக்கும் இப்படி ஆள் சேர்வதுண்டு. போர் தொடங்கியபோது இரண்டாயிரத்துக்கும் குறைவாக இருந்த அந்நாளைய இந்தியக் கடற்படை, போர் முடியும்போது 25,000 பேரைத் தாண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் புகழ்பெறாத கப்பல்களிலும் கரைத் தளங்களிலும்தான் வேலை பார்த்தார்கள். அது எந்த விதத்திலும் தாழ்ந்த வேலை அல்ல.

ஒரு ஊகம் குழுவில் பத்து முறை முன்னனுப்பப்பட்டால் பதினோராவது முறை உண்மையாகிவிடுகிறது. ஆகவே படத்தோடு ஒரு குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்: ‘தாத்தா, சீருடையில், போர் ஆண்டுகள், கப்பல் தெரியவில்லை, சின்ன அத்தை இன்ன கப்பல் என்கிறார்’ என்று, சொன்னவரின் பெயரோடு. அவருடைய பணி எண் எந்தத் தாளிலாவது கிடைத்தால், அதை வைத்து மும்பை மான்கூர்டில் உள்ள கடற்படை மாலுமிகள் பணியகத்துக்கு எழுதிக் கேட்கலாம். சென்னையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரித்தால், என்னென்ன சான்றுகளை இணைக்க வேண்டும் என்று சொல்வார்கள்.

*

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துக்காரர். சரக்குக் கப்பல்களில் சுக்கானியாக இருந்தவர். 1942-ல் கப்பலேறியவர் திரும்பவில்லை. அதற்கு முந்தைய பயணங்களின் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் ஒன்றும் ஒரு படமும் மட்டும் இருக்கின்றன. குடும்ப வரலாற்றைத் தொகுத்து உறவினர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். அவர் படையில் சேராதவர், அவரைப் போர்க்கால மாலுமி என்று எழுதுவது பொய் என்கிறார் என் மைத்துனர்.
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது தவறு, எனக்கு இதில் ஐயமே இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் கரி அறைகளையும் தளங்களையும் சமையற்கட்டுகளையும் நடத்திய சாரங்குகளும் (மாலுமிகளின் தலைவர்கள்) தண்டல்களும் (அவர்களுக்கு அடுத்தவர்கள்) சுக்கானிகளும் கலாசிகளும் (தளத்து வேலையாட்கள்) பண்டாரிகளும் (சமையல்காரர்கள்) சீருடை அணியவில்லை. ஆனால் டார்பிடோ வந்து மோதியபோது அது சீருடையைப் பார்த்து வரவில்லை. நம் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நின்று பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கம்பெனிக் கப்பல்களைப் பழைய மனிதர்கள் எல்லாருக்கும் தெரியும். அதே கம்பெனியின் ‘திலாவா’ பம்பாயிலிருந்து டர்பனுக்குப் போகும் வழியில் 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. 280 பேர் இறந்தார்கள். ‘ரோனா’ என்ற மற்றொரு கப்பல், அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்ட அந்தத் துயரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அதே கப்பலில் பணியாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளும் அதே கடலில் போனதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நிரப்பக்கூடியவர்கள் உங்களைப் போன்ற குடும்பத்தார்தான்.

தேட வேண்டிய இடம் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் போர்ப்பணியில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. உடல் கிடைக்காத இந்திய மாலுமிகளுக்காக, இரண்டாம் போருக்கென ஒரே பெயர்ப்பட்டியல் இரண்டு படிகளாக மும்பையிலும் இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டிருக்கிறது. கடற்படையினரும் சரக்குக் கப்பல் மாலுமிகளுமாக 6,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. சரக்குக் கப்பல்காரர்களே மிகப் பெரும்பான்மை. உங்கள் மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.

தேடும்போது பொறுமை தேவை. நம் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முத்துசாமி என்ற ஒரு பெயரையே நான்கைந்து விதமான எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், சில இடங்களில் தந்தையின் பெயர் முன்னாலும் சில இடங்களில் பின்னாலும் நிற்கும். சில இடங்களில் இருக்கவே இருக்காது. ஊர்ப்பெயரைத் தேடுவதாக இருந்தால் அக்காலத்து ஆங்கில வடிவங்களில் தேடுங்கள்: நாகப்பட்டினம் நெகபட்டாம் என்றும், தஞ்சாவூர் தஞ்சோர் என்றும், தூத்துக்குடி டூட்டிகோரின் என்றும், திருநெல்வேலி டின்னெவெலி என்றும் இருக்கும். பெயர் பிடிபடாவிட்டால் கப்பலின் பக்கமிருந்து வாருங்கள். உங்களிடம் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் ஏறிய ஒவ்வொரு கப்பலும், ஏறிய நாளும், இறங்கிய நாளும், நடத்தையைப் பற்றிய முத்திரையும் வரிசையாக இருக்கும். ஒரே கம்பெனியின் கப்பல்களில் மீண்டும் மீண்டும் ஏறுவது வழக்கம் என்பதால், 1942-ல் அந்தக் கம்பெனி இழந்த கப்பல்களின் பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இறந்தவர்களின் பட்டியலை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போகலாம். நம் ஊரிலிருந்து ஒரே சாரங்கின் கீழ் பங்காளிகளும் மாமன் மச்சான்களுமாகக் கப்பலேறியதும் உண்டு. ஆகவே ஓர் உறவினரின் பெயர் கிடைத்தால் பக்கத்திலேயே இன்னொருவர் பெயர் இருக்கக்கூடும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி என் மனத்தில் நின்றுவிட்டது. அவர் இறந்த திதி தெரியாததால் ஆடி அமாவாசையன்று கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் பெயர் கிடைத்தால் அருகிலேயே இறந்த நாள் இருக்கும். அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் திதியைக் கணக்கிட்டுவிடலாம். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் வீட்டில் இல்லாத ஒரு நாள் அப்போது கிடைக்கும். குடும்பத் தொகுப்பில் வேறு எதை விட்டாலும், அந்த அமாவாசை வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத செய்தி அது.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்களை எல்லாருக்கும் அனுப்பும்போது விரல்ரேகை உள்ள பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். குடும்பத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

*

கேள்வி: மாமனாரின் கடற்படைப் பதக்கங்கள் ஐந்து இருக்கின்றன. கறுத்துப்போய்விட்டன. கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைப்பதற்கு முன் மெருகேற்றலாமா? இவை எதற்காகக் கொடுக்கப்பட்டவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: தயவுசெய்து மெருகுப் பசையைத் தொடாதீர்கள். குத்துவிளக்கு தேய்ப்பது போல இவற்றைத் தேய்த்தால், ஒவ்வொரு முறையும் உலோகத்தின் மேல்தோலும் அதிலுள்ள எழுத்துகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெயரும் பணி எண்ணும் பொறித்திருந்தால், அந்தச் சின்ன எழுத்துகள்தான் முதலில் அழியும். மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

ஆறு முனை கொண்ட நட்சத்திரமாக இருப்பவை போர்முனைகளுக்கானவை. நாடாவின் நிறத்தை வைத்து அவற்றைப் பிரித்து அறியலாம். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம பட்டைகள் இருந்தால் அது ‘1939–45 ஸ்டார்’; கருநீலம் கடலில் பணியாற்றியவர்களையும், சிவப்பு தரைப்படையையும், வெளிர்நீலம் விமானப்படையையும் குறிக்கும். நீலத்திலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கடற்பச்சைக்கும் மங்கலாகக் கலந்து போவது ‘அட்லாண்டிக் ஸ்டார்’. நடுவில் அகலச் சிவப்பும் இரு ஓரங்களில் கருநீலமும், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடும் இருந்தால் ‘பர்மா ஸ்டார்’. வட்டமான பதக்கத்தின் பின்புறத்தில் ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகனின் மேல் ஏறி நின்றால் அது போர்ப் பதக்கம். நாடா நைந்து போயிருந்தாலும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டாதீர்கள். பழையதை உறையில் போட்டுப் பதக்கத்தோடு வையுங்கள். சட்டத்தை வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம். நாடாவின் சாயம் ஒரே கோடையில் வெளுத்துவிடும்.

*

கேள்வி: அப்பாவின் பணிச்சான்றும் படங்களும் சிதைந்து வருகின்றன. லேமினேட் செய்துவிடலாமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: கூடாது. சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் சேதமின்றிப் பிரிக்க முடியாது. உள்ளே அடைபட்ட ஈரம் தாளைத் தின்னும். அமிலமற்ற காகித உறையில் வைத்து, மரப்பீரோவின் அடித்தட்டில் அல்லாமல் நடுத்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். படியெடுக்கும்போது ஸ்கேனரில் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது சுருக்கி அனுப்பிவிடும், தொப்பியின் எழுத்து அங்கேயே கரைந்துவிடும். படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

*

கேள்வி: என் தந்தை 1946-ல் கடற்படை வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு வெளியேற்றப்பட்டவர். ‘வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்’ என்ற பேச்சுக்கு அஞ்சிப் பாட்டி அவருடைய படங்களைப் பரணில் போட்டுவிட்டார். அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது வெளியில் காட்டலாமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: தலைநிமிர்ந்து காட்டலாம். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயின் ‘தல்வார்’ தளத்தில், மோசமான உணவையும் இழிவான பேச்சையும் எதிர்த்துத் தொடங்கிய அந்த எழுச்சி, சில நாள்களுக்குள் கராச்சி வரைக்கும் பரவியது. சென்னையில் இருந்த ‘அடையாறு’ தளத்திலும் அதன் எதிரொலி இருந்தது. கப்பல்களின் கொடிமரங்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் ஒன்றாகப் பறந்தன. பங்கேற்ற நூற்றுக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிற்காலத்தில் மத்திய அரசு, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் இந்த எழுச்சியையும் சேர்த்தது. மும்பை கொலாபாவில் அதற்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது.

பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். அரசாங்க வேலை போய் வீட்டுக்கு வந்த பிள்ளையை, கல்யாணம் ஆக வேண்டிய பெண்களும் இருந்த வீட்டில், அவர் வேறு எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும்? பரணில் போட்டாரே தவிர, அடுப்பில் போடவில்லை. அந்தப் படங்கள் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது அவரால்தான். வெளியேற்றக் கடிதம் இருந்தால் அதையும் படங்களின் பக்கத்திலேயே வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் அந்த முகத்தின் கதை முழுமையாகாது.

*

கேள்வி: அப்பா கடற்படையில் இருந்தபோது சேர்த்த ஆல்பம் ஒன்று இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், இருவர் வெளிநாட்டில். ஆளுக்குச் சில படங்களாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் தங்கை.
— வாசகி, அடையாறு

பதில்: ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள். அதில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை ஒட்டினார் என்பதும் உங்கள் அப்பா எழுதிய ஒரு வாக்கியம்தான். பக்கம் பக்கமாக முழுதும் படியெடுத்து, நால்வரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். மூலம் ஒருவரிடம் இருக்கட்டும், யாரிடம் என்பதை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் கையெழுத்தா என்று தோன்றலாம். அடுத்த தலைமுறையில் அந்தத் தாள்தான் சண்டையைத் தவிர்க்கும்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது நல்ல எண்ணம். கோட்டை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சீருடைகளும் பதக்கங்களும் பாதுகாக்கப்படுகின்றன. மும்பையிலுள்ள கடல்சார் வரலாற்றுக் கழகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எங்கே கொடுத்தாலும், கொடையா இரவலா என்பதையும், எத்தனை படங்கள், எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதையும் எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பெரியப்பா கப்பலில் கொடிச் செய்தியாளராக இருந்தவர். மூன்று வெள்ளைக் கோடுகள் ஓடும் நீலக் காலரைத் தானே இஸ்திரி போட்டு, நாப்தலின் உருண்டையோடு சிறு மரப்பெட்டியில் வைத்திருந்தார். அதற்கு மேலே அந்த ஆல்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து, ‘இவன் திருச்சிக்காரன், நன்றாகப் பாடுவான். இவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை, மூன்று மாதமும் வாந்தி’ என்று ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுக் காட்டுவார். அவர் காலமான பிறகு, ஒரு கண்காட்சிக்கென்று ஓர் அமைப்பினர் வந்து கேட்டார்கள். மரியாதையாகப் பேசினார்கள்; நாங்களும் ரசீது கேட்பது அவமரியாதை என்று நினைத்துக் கொடுத்துவிட்டோம். கண்காட்சி முடிந்தது, பொறுப்பாளர் மாறினார், ஆல்பம் திரும்பவில்லை. படங்கள் போனதைவிட எனக்கு வலிப்பது வேறு. அந்தத் திருச்சிக்காரரின் பெயரைப் பெரியப்பா எத்தனையோ முறை சொன்னார், நான் ஒரு முறைகூட எழுதிக்கொள்ளவில்லை. இன்று அந்தப் படம் எங்காவது கிடைத்தாலும், அவர் நன்றாகப் பாடுவார் என்று மட்டுமே என்னால் சொல்ல முடியும்.

உங்கள் தாயார் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே ஆல்பத்தை அவர் மடியில் வைத்து, பக்கத்தில் கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பேசச் சொல்லுங்கள். பக்கத்தின் எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்; பிறகு பொருத்திப் பார்க்க எளிதாக இருக்கும்.

*

கேள்வி: என் கணவர் 1971 போரில் கப்பலில் இருந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் இறந்தார். அவருடைய படங்களையும் அப்போது எனக்கு எழுதிய கடிதங்களையும் கடற்படை தினத்தன்று முகநூலில் வெளியிட வேண்டும் என்று பேரன் கேட்கிறான். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
— வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, படங்கள் குடும்பத்துக்குச் சொந்தம், கடிதங்கள் உங்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றைப் பற்றிய முடிவு உங்களுடையது மட்டுமே. பேரனின் ஆசை நல்லதுதான் என்றாலும், உங்கள் தயக்கத்துக்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. விரும்பினால், கப்பலின் வாழ்க்கையைப் பற்றியும் உணவைப் பற்றியும் அவர் எழுதிய பத்திகளை மட்டும் நீங்களே தேர்ந்து கொடுக்கலாம். மற்றவற்றை உறையிலிட்டு, ‘என் காலத்துக்குப் பிறகு’ என்றோ ‘யாரும் படிக்க வேண்டாம்’ என்றோ உங்கள் கையால் எழுதிவையுங்கள்.

படங்களை வெளியிடும்போது ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி ஆகியவை உள்ள எந்தத் தாளும் படத்தின் ஓரத்தில்கூடத் தெரியக் கூடாது என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓய்வூதியம் பெறும் பெரியவர்களைக் குறிவைத்துத் தொலைபேசியில் ஏமாற்றுகிறவர்களுக்கு அந்த ஒரு எண் போதும். அவருடைய பதக்கங்களில் ‘பூர்வி ஸ்டார்’ இருந்தால் அவர் கிழக்குப் போர்முனையில், அதாவது நம் வங்கக் கடல் பக்கம் இருந்தவர். ‘பஸ்சிமி ஸ்டார்’ இருந்தால் மேற்கே, 1971 டிசம்பர் 9 அன்று ‘குக்ரி’ கப்பல் 194 பேரோடு மூழ்கிய அரபிக் கடல் பக்கம். இதைப் பேரனுக்கு விளக்கி, படத்தின் கீழே அவனையே எழுதச் சொல்லுங்கள். கூட நிற்கும் நண்பர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்கள் குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்ட பிறகு போடுவது முறை.

*

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய கடிகாரங்களுக்கு நடுவில் ஒரு கட்டுப் படங்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் கடற்படைச் சீருடை. ஒன்றின் பின்புறத்தில் தமிழில் இரண்டு வரி எழுதியிருக்கிறது. உரிய குடும்பத்திடம் சேர்க்க முடியுமா?
— வாசகர், பல்லாவரம்

பதில்: நீங்கள் விலை கொடுத்து வாங்கியதை உங்களுடையது என்று நினைக்காமல் இப்படிக் கேட்டதற்கு முதலில் நன்றி. அடுத்த வெள்ளிக்கிழமை அதே கடைக்காரரிடம் போய், எந்தப் பகுதியில் எடுத்த பழைய பொருள்கள் என்று கேளுங்கள். வீடு காலி செய்யும்போது மொத்தமாக எடுத்திருப்பார். தெருப்பெயர் நினைவில் இருக்கலாம். கட்டின் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொரு படத்துக்கும் பென்சிலால் எண் கொடுத்து, இருபுறமும் படியெடுங்கள். முகங்களை உடனே இணையத்தில் பரப்ப வேண்டாம். எல்லாரும் பார்த்துவிட்டால், பொய்யாக உரிமை கோரி வருகிறவரைப் பிரித்து அறிய உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படியில் அந்த இரண்டு வரிகளைப் படித்தேன். ‘அம்மா, இது நான்தான். தொப்பி பெரிது, அதனால் அடையாளம் தெரியாது.’ சாய்ந்த எழுத்து. ‘தொப்பி’ என்ற சொல்லில் ஒற்றுப் புள்ளி இல்லை. பெயரும் தேதியும் இல்லை. இரண்டாவது வரியை மட்டும் அடுத்த இதழில் கையெழுத்தாகவே அச்சிடுகிறோம். படத்தையும் முதல் வரியின் கையெழுத்தையும் வெளியிடப் போவதில்லை. அந்தக் கையெழுத்தைத் தம் வீட்டுப் பழைய கடிதத்தில் பார்த்தவர்கள், அந்தக் கடிதத்தின் ஒரு படியோடு எங்களுக்கு எழுதலாம். அதுவரை படங்கள் உங்களிடமே இருக்கட்டும்.